அழுத்தாத பொத்தான்

ஸ்கானர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொத்தானைத் தெரியும். மேலே 'எல்/ஓ' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். லொக்-அவுட். ஸ்கானர் ஒவ்வொரு சனலாக ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு அகப்படும் இடத்தில் நிற்கும். பேச்சு ஓய்ந்தால் இரண்டு விநாடி பார்த்துவிட்டு மறுபடி ஓடும். வேண்டாத சனலில் நின்றுவிட்டால் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. என்னுடையதில் அது வலப்பக்கக் கீழ்மூலையில், சாம்பல் நிற ரப்பரில், சுண்டுவிரல் நகமளவில் இருந்தது. 1993 ஒக்ரோபரில் ஓர் இரவு என் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. நான் அழுத்தவில்லை. அதற்குப் பிறகு இரண்டரை வருடமும் அழுத்தவில்லை.

என்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுத் தொலைபேசிப் பேச்சை அந்த வீட்டாருக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்ட ஒரு செய்தியை, யாருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்து வைத்திருந்தார்களோ அவரிடமே கொண்டுபோய்ப் போட்டேன். யார் சொன்னது என்று கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் பொய் ஒரு குற்றமுமில்லாத ஒரு பெண்மேல் போய் விழுந்தது. விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1991இல். ஸ்காபரோவில் ஓர் உயர்மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடி. இரண்டு அறைக்குள் ஐந்து பெடியள். எனக்கு வேலை பிளாஸ்ரிக் வாளிகளுக்கு மூடி வார்க்கிற தொழிற்சாலையில், பின்னேரம் மூன்றிலிருந்து இரவு பதினொன்றரை வரை. கடைசி பஸ் பிடித்து வந்துசேரப் பன்னிரண்டேகால் ஆகும். ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான், மற்றவர்கள் வேலையில் இருப்பார்கள். பேச ஆளில்லாத நேரம் அது.

வானொலி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். யாழ்ப்பாணத்தில் 1990இல் மின்சாரம் நின்றது. பற்றறியும் உள்ளே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட சாமான் ஆயிற்று. ஐயா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து விறாந்தையில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலியில் கொழுவுவார். பிபிசி தமிழோசை தொடங்கும்போது பெடலைக் கையால் சுற்ற வேண்டியது என் வேலை. வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் மங்கிக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அயலட்டை முழுவதும் விறாந்தைப் படியில் குந்தியிருக்கும். 'சுத்தடா தம்பி, சுத்து' என்று யாராவது சொல்வார்கள். என் தோள்மூட்டில் அந்த நோவு இன்னும் இருப்பதுபோலவே சில இரவுகளில் தோன்றும்.

ஆகவே 1993 கோடையில் ஒரு கராஜ் சேலில் பழைய றியலிஸ்ரிக் ஸ்கானர் ஒன்றை நாற்பது டொலருக்குக் கண்டதும் யோசிக்காமல் வாங்கினேன். விற்ற கிழவர் அதன் கையேட்டையும் தந்தார். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதை எழுத்துவிடாமல் வாசி என்றார். நான் சனல் பதிகிற பக்கங்களை மட்டும் வாசித்தேன்.

அந்த முதல் மூன்று மாதமும் நல்ல மாதங்கள். 118க்கும் 137 மெகாஹேட்ஸுக்கும் இடையில் விமானங்கள் பேசும். பியர்சன் விமான நிலையத்தில் இறங்க வரிசையில் நிற்கும் விமானத்துக்கு, கட்டுப்பாட்டு அறையிலிருந்து உயரமும் திசையும் சொல்வார்கள். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்வார். ஓர் எண் மாறினாலும் உடனே திருத்தம் வரும். என் ஆங்கிலம் திருந்தியது அதைக் கேட்டுத்தான். அவசரப்படாமல், கத்தாமல், சொன்னதை உறுதி செய்துகொண்டு பேசுகிற ஆங்கிலம் அது. 160, 161 மெகாஹேட்ஸில் ரயில்கள். ஸ்காபரோவின் தென்பக்கத்தால் போகும் கிங்ஸ்ரன் பாதையில் ஒரு சரக்கு வண்டி கடந்ததும், தண்டவாளத்தோரம் பூட்டியிருக்கும் கருவி தன்பாட்டில் பேசும்: பழுதில்லை, அச்சு இத்தனை என்று. இருட்டுக்குள் நீளமான ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சில்லுகளை யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் நிம்மதியாகத் தூங்கிப் போயிருக்கிறேன். 162.4க்கு மேலே வானிலை அறிவிப்பு. கோடையில் 156.8இல் ஒன்ராறியோ ஏரிக் கப்பல்கள். வெள்ளைக்காரரின் ஊர் என்று ஒதுங்கி நின்ற எனக்கு, இந்த ஊர் எப்படி இயங்குகிறது என்று கதவைத் திறந்து காட்டியது அந்தப் பெட்டிதான்.

பிறகு ஒக்ரோபர்.

அன்றைய கோட்லெஸ் போன்கள் எப்படி வேலை செய்தன என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரிந்திராது. சுவரில் கொழுவியிருக்கும் அடிப்பெட்டி 46 மெகாஹேட்ஸில் கைபோனுக்கு அனுப்பும். கைபோன் 49இல் திருப்பி அனுப்பும். வட அமெரிக்கா முழுவதற்கும் பத்தே பத்து சனல். மறைப்பு எதுவும் கிடையாது, சாதாரண எஃப்.எம். அலை. அதைவிட, அடிப்பெட்டியின் அலையில் இரண்டு பக்கக் குரலும் சேர்ந்தே வரும். ஒரு வீட்டுக்குள் அறைக்கு அறை நடந்து பேசச் செய்த சாதனம், ஸ்கானர் இருந்தால் அடுத்த கட்டடத்திலும் கேட்கும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள் எட்டு மாடிக்குக் கேட்கப் பேசுகிறோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த இரவு நான் சும்மா மேலும் கீழும் தேடவிட்டிருந்தேன். 46.77இல் நின்றது. ஒரு பெண் குரல். 'அங்கை இப்ப என்ன நேரம்? சாப்பிட்டிட்டியளோ?'

ரொறன்ரோவில் நடுச்சாமம் என்றால் கொழும்பில் காலை பத்து மணிக் கணக்கு. எல்லோரும் ஊருக்கு எடுக்கும் நேரம். அந்தக் குரல் எங்கள் ஊர்ப்பக்கக் குரல், 'டி' போட்டு உருட்டுகிற அதே இழுவை. வந்து இரண்டு வருடத்தில் தொலைபேசிக் காசுக்குப் பயந்து நான் வீட்டோடு பேசியது இரண்டு முறை, அதுவும் ஐயா கொழும்புக்கு வந்திருந்தபோது. வலது கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் கேட்டால் என்ன என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டில் அன்று கத்தரிக்காய்க் குழம்பு. கொழும்பில் மழை. பேச்சு முடியும்வரை கேட்டேன். முடிந்ததும் அந்த அலைவரிசையை முதலாம் சனலில் பதிந்து வைத்தேன். அடுத்த கிழமைக்குள் மற்ற ஒன்பதையும் பதிந்துவிட்டேன்.

யார் என்று பிறகு தெரிந்தது. ஏழாம் மாடி அக்கா. லிப்ற்றில் கண்டால் 'தம்பி, சாப்பிட்டியளோ' என்று கேட்கிற அக்கா. எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது புட்டும் சொதியும் கொண்டுவந்து தந்தவ. அவவின் தாய் 1994இல் ஸ்பொன்சரில் வந்துசேர்ந்தா. தம்பி யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்தான். புருஷனுக்கு வேலை போனது, சீட்டுக்காசு கட்டப் பிந்தியது, தாய்க்கு இருதயத்தில் அடைப்பு என்று வைத்தியர் சொன்னது எல்லாம் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். லிப்ற்றில் நேரே நின்று, எதுவும் தெரியாதவன்போல், 'அம்மா எப்பிடி இருக்கிறா அக்கா' என்று கேட்டிருக்கிறேன்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மூன்றாம் மாதமே மனம் உறுத்தி நூலகத்துக்குப் போனேன். கனடாவில் ஸ்கானரை வீட்டில் வைத்துக் கேட்க அனுமதிப் பத்திரம் வேண்டியதில்லை. ஆனால் வானொலித் தொடர்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒரு கோடு போடுகிறது. ஒலிபரப்பு நிலையங்களை விட்டால், மற்ற எந்த வானொலிப் பேச்சையும் இடைமறித்துப் பயன்படுத்தவோ வெளியே சொல்லவோ கூடாது. பேசியவர் அல்லது யாருக்காகப் பேசினாரோ அவர் சம்மதித்தால் மட்டும் சரி. தொலைபேசிப் பேச்சுக்கென்று அந்தப் பிரிவில் தனியாக ஒரு பகுதியை 1993இல்தான் சேர்த்திருந்தார்கள். மீறினால் 25,000 டொலர்வரை அபராதம், அல்லது ஒரு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். குற்றவியல் சட்டத்திலும் அதே வருடம் ஒன்று சேர்ந்தது: கெட்ட எண்ணத்தோடோ ஆதாயத்துக்காகவோ அப்படிப்பட்ட பேச்சை இடைமறித்தால் ஐந்து வருடம்வரை சிறை.

அதற்கு முந்திய வருடம்தான் கியூபெக்கில் ஒரு பெரிய கலக்கம் நடந்திருந்தது. மாகாண அரசின் மூத்த அதிகாரி டியான் வில்ஹெல்மியும் சட்ட ஆலோசகர் அந்திரே திரம்பிளேயும், அரசியலமைப்பு மாற்றத்துக்கான சார்லட்டவுன் உடன்பாட்டில் தங்கள் முதலமைச்சர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று செல்பேசியில் மனம்நொந்து பேசியிருக்கிறார்கள். யாரோ ஸ்கானரில் பிடித்துப் பதிந்த அந்த ஒலிநாடா, அந்த உடன்பாட்டின்மேல் 1992 ஒக்ரோபர் 26இல் நடந்த வாக்கெடுப்புக்கு முன்னர் வெளியே வந்து நாட்டையே உலுக்கியது. நம்பிப் பேசிய இரண்டு பேரின் வார்த்தையைத் தெருவில் போட்டால் என்ன நடக்கும் என்று நாடு முழுவதும் பார்த்திருந்தது. நானும் அதைப் பத்திரிகையில் வாசித்தேன்.

வாசித்துவிட்டு எனக்கு வசதியான ஒரு விளக்கத்தைச் செய்துகொண்டேன். எனக்குக் கெட்ட எண்ணமில்லை. ஆதாயமுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை, எதற்கும் பயன்படுத்தவில்லை. வெறுமனே கேட்கிறேன். சட்டம் வாயைத்தான் கட்டுகிறது, காதை விட்டிருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். அக்காவின் முகத்துக்கு முன்னால் அந்த விளக்கத்தைச் சொல்ல எனக்குத் துணிவு இருந்ததா என்று ஒருநாளாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30. அந்த நாள் எங்கள் ஆட்கள் யாருக்கும் மறக்காது. யாழ்ப்பாணத்தில் போர் நெருங்க, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து மழைக்குள் நடந்தது. லட்சக்கணக்கான சனம் செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு. இங்கே அந்தக் கிழமை முழுவதும் என் பத்து சனல்களில் மூன்று நான்கு ஒரே நேரத்தில் தமிழாக இருந்தன. யார் எங்கே, யாருடைய பிள்ளை தவறிப்போனது, எந்தக் கோயிலடியில் யார் இருக்கிறார்கள். எந்த ஊர்ப் பெயர் வந்தாலும் ஒலியைக் கூட்டுவேன். ஐயாவும் அம்மாவும் எங்கே என்று எனக்கும் தெரியாது. எங்கள் ஊர்ப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று விடிய விடியக் காத்திருந்தேன். அவர்கள் கொடிகாமத்தில் இருக்கிறார்கள் என்று கடிதம் வந்தது ஏழு கிழமை கழித்து. அந்த நாட்களில் நான் கேட்டதை இன்றும் என்னால் கடுமையாகப் பழிக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கிழமைகளின் துயரத்தை அதற்கு முந்திய இரண்டு வருடத்துக்கும் போர்த்திவிட எனக்கு உரிமையில்லை. முதல் இரவு கேட்டது கத்தரிக்காய்க் குழம்பு.

1996 ஜனவரி, ஒரு வியாழக்கிழமை. வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. ஸ்கானர் முதலாம் சனலில் நின்றது. அக்கா மூன்றாம் மாடியிலிருக்கிற தன் சிநேகிதியோடு பேசுகிறா. இருவரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. இங்கே ஒரே கட்டடம். அழுகைக்கு நடுவில் அக்கா சொன்னது: 'தம்பி போயிட்டானடி. கிளிநொச்சிப் பக்கம். காய்ச்சலாம். மருந்தில்லையாம். பதினொரு நாளாச்சாம்.'

சிநேகிதி ஏதோ சொல்ல வந்தா. அப்போது இரைச்சல் தொடங்கியது. பக்கத்தில் எங்கோ இன்னொரு போனோ, குழந்தை அறையில் வைக்கிற ஒலிக்கருவியோ குறுக்கிட்டிருக்கும். அக்கா வழக்கம்போல் கைபோனில் சனல் மாற்றுகிற பொத்தானை அழுத்தினா. குரல் போய்விட்டது. நான் மற்ற ஒன்பதையும் ஓடவிட்டேன். ஒன்றில் ஓர் ஆங்கிலக் கிழவர், ஒன்றில் வெறும் ரீங்காரம். மறுபடி அவர்களைப் பிடித்தபோது, 'சரியடி, வை' என்ற சொல் மட்டும் கிடைத்தது. நடுவில் இருந்த நான்கு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நான்கு நிமிடத்தில் அக்கா சொன்னதை மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அம்மாவுக்கு அடுத்த மாதம் சத்திரசிகிச்சை. அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. புருஷனுக்கும் உனக்கும் மட்டும்தான் சொல்கிறேன். ஒருத்தருக்கும் மூச்சு விடாதே.

எங்கள் ஆட்களிடம் செத்தவீட்டுச் செய்தி கேட்டால் போக வேண்டும். அழைப்பு இல்லை, காத்திருப்பு இல்லை. புட்டும் சொதியும் தந்த கை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏழாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். இந்தச் செய்தி எனக்கு எந்த வழியால் வந்தது என்பது அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை. அவ்வளவுக்கு அந்த வீட்டுப் பேச்சு எனக்குச் சொந்தமாகிப் போயிருந்தது.

கதவைத் திறந்தது அம்மா. நெற்றியில் திருநீறு, கையில் பூசைக்கு வைத்த சின்னச் செம்பு. 'வா தம்பி, உள்ளுக்கு வா' என்றா. நான் வாசலிலேயே நின்று, 'அம்மா, தம்பியின்ரை விஷயம் கேள்விப்பட்டனான். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ' என்றேன்.

'எந்தத் தம்பி? என்ன விஷயம்?'

அந்தக் கேள்விக்கும் அக்கா குசினியிலிருந்து ஓடிவந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்காவின் இரண்டு கையிலும் பிசைந்த மா. அவவின் முகத்தைப் பார்த்த உடனே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. செம்பு விழவில்லை. அம்மா அதைக் கவனமாகச் சப்பாத்துத் தட்டின்மேல் வைத்துவிட்டு, அந்தச் சப்பாத்துகளுக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்தா. 'என்ரை பிள்ளையோ' என்று ஒருமுறை கேட்டா. சத்தமே இல்லை. மாப்பட்ட கையோடு அக்கா அவவைக் கட்டிப் பிடித்தது, கறுத்த சட்டையில் வெள்ளையாகப் பதிந்த ஐந்து விரல். இவை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சை தள்ளிப்போய் ஜூன் மாதம்தான் நடந்தது. தப்பிவிட்டா. தப்பாதிருந்தால் இதை எழுதக் கை வந்திருக்குமா என்று தெரியாது.

அடுத்த நாள் அக்கா கொரிடோரில் என்னை நிறுத்தினா. கோபமில்லை, களைப்பு. 'தம்பி, உமக்கு ஆர் சொன்னது?'

'கடையிலை கதைச்சவை அக்கா.'

'ஆர் கதைச்சது?'

'தெரியேல்லை. ரெண்டு பொம்பிளையள்.'

இரண்டு பெண்கள். அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்கே தெரியாது. ஆம்பிளையள் என்று சொல்லியிருக்கலாம். மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா ஒன்றும் பேசாமல் தலையாட்டினா. உலகத்திலேயே அந்தச் செய்தி தெரிந்த பெண் தன்னைவிட ஒருத்திதான். அந்தக் கணக்கை அவ போட்டது எனக்கு நேரே தெரிந்தது. நான் லிப்ற்றுக்குப் பொத்தானை அழுத்தினேன்.

இதற்குப் பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. முன்பைவிடக் கூடக் கேட்டேன். இப்போது தனிமையும் இல்லை, ஊர்ச் செய்தியும் இல்லை. என்மேல் சந்தேகம் வருகிறதா என்று அறியக் கேட்டேன். சட்டம் சொன்ன 'பயன்படுத்துதல்' இதுதான். ஏப்ரலில் ஓர் இரவு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அந்த நான்கு நிமிடத்தில் இருந்ததை அன்றுதான் அறிந்தேன், சிநேகிதி அதை வரிக்கு வரி திருப்பிச் சொன்னா. 'நீ இப்பிடிச் சொன்னனி, நான் ஓம் எண்டனான். என்ரை மனுசனுக்குக்கூடச் சொல்லேல்லையடி. என்ரை பிள்ளையளாணை சொல்லேல்லை.' அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்ப ஆரடி?' என்றா. பதில் இல்லை. கடைசியாக அக்காதான் போனை வைத்தா. அந்தப் பதிலைச் சொல்லக் கூடிய ஒரே ஆளான நான் இரண்டு மாடி மேலே காதில் ஹெட்போனோடு இருந்தேன்.

அன்றிரவு பத்து சனல்களையும் அழித்தேன். அழித்ததால் ஒன்றும் திருந்தவில்லை. அந்தக் கோடையில் சிநேகிதி வீடு மாறிப் போய்விட்டா. அவ தன் சாமான்களை ஏற்றிய நாள் நான் கீழே நின்று கதவைப் பிடித்துக் கொடுத்தேன். 'நன்றி தம்பி' என்றா.

பிறகு காலம் மாறியது. கோட்லெஸ் போன்கள் 900 மெகாஹேட்ஸுக்கும் டிஜிற்றலுக்கும் போயின. இப்போது ஒருவர் வீட்டுப் பேச்சை என் பழைய ஸ்கானரால் கேட்கவே முடியாது. ஆனால் நான் நிறுத்தியது அதற்கு முன்னர் என்பதில் எனக்குப் பெருமையொன்றும் இல்லை. சில வருடம் ஸ்கானரையே தொடவில்லை. திரும்ப எடுத்தபோது மறுபடி விமானமும் ரயிலும் வானிலையும். பிறகு அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். 144க்கும் 148க்கும் இடையில் நாங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம், கேட்கட்டும் என்றே பேசுகிறோம். தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுப் பேசுகிற ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன கேட்கலாம் என்று யாராவது இளம் ஆட்கள் கேட்டால் அங்கே தொடங்கச் சொல்கிறேன். தீயணைப்பு, அம்புலன்ஸ் பேச்சு கேட்டாலும் அது வேலைக்காரர் தங்கள் வேலைக்குப் பேசுவது, அதில் வருகிற விலாசமும் நோயும் உன் வாயில் வரக்கூடாது என்கிறேன். சொல்லும்போது என் குரல் தேவைக்கு அதிகமாகக் கடுமையாகிவிடுகிறது.

போன மாரியில் தங்கச்சியின் மகன் வந்திருந்தான். தொலைக்காட்சி பார்க்கவென்று செய்த விரல்நீளச் சாதனம் ஒன்றைக் கணினியில் செருகினால் முழு ஸ்கானராகிவிடுகிற காலம் இது. அவன் அதில் பேஜர் அலையைப் பிடித்து, எழுத்தாக மாற்றித் திரையில் ஓடவிட்டான். ஆஸ்பத்திரிப் பேஜர்களுக்குப் போன செய்திகள் மறைப்பில்லாமல்தான் வந்தன. அறை எண், வயது, என்ன நோய். ஒரு வரியில் ஒரு முழுப் பெயர். 'மாமா, பாருங்கோ, அப்பிடியே வருது' என்றான். சந்தோஷத்தில் கண் மின்னியது. 1993இல் என் கண்ணும் அப்படித்தான் மின்னியிருக்கும். நான் கணினி மூடியைச் சாத்திவிட்டு, இங்கே எழுதியிருப்பது எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். யாருக்கும் சொன்னது அதுவே முதல்தடவை. கேட்டு முடித்துவிட்டு அவன் கேட்டான்: 'பேந்து அந்த அக்காவுக்குச் சொன்னனீங்களோ?'

அக்கா இப்போது ஏஜக்ஸ் நகரில் மகளோடு இருக்கிறா. அம்மா போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு கிழமை முன்பு ஒரு சனிக்கிழமை போனேன். தேத்தண்ணி வைத்துத் தந்தா. நான் ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. ஸ்கானர், 46.77, அந்த வியாழக்கிழமை, கடையில் யாரும் கதைக்கவில்லை, இரண்டு பெண்கள் என்றது நான் கட்டிய பொய், ஏப்ரலில் நீங்கள் இருவரும் பேசியதையும் கேட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவ ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிடுவா என்று பயமாக இருந்தது, அது எனக்கு வேண்டாம்.

அக்கா மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தா. தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

'எவ்வளவு காலம் தம்பி கேட்டனீர்?'

'ரெண்டரை வருஷம் அக்கா.'

அவ எழும்பினா. சுவரோரத் தட்டிலிருந்த தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தா, பழைய, கையால் எழுதிய புத்தகம். பின்பக்கம் ஏதோ ஓர் எண்ணைக் கண்ணாடி போட்டுத் தேடினா. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. எண்கள் அழுத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே குரல் தொடங்க முன்னம் நான் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் வைத்துத்தான் போட்டேன்.